கிழக்குக் கதவு

ஆகஸ்ட் 19, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். மூன்று வருடமாக இந்த இடத்துக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் தலையாட்டிவிட்டேன். இன்றிலிருந்து எழுதப் போகிறேன். யாராவது ஒருநாள் படித்தால் படிக்கட்டும்.

முதலில் இடம். 2009இல் மூடிய நூல் மில். பத்து வருடம் அதைப் புறாக்களும் வக்கீல்களும் அனுபவித்தார்கள். பிறகு முதலாளியின் பேரன் ரித்விக் வெளிநாட்டில் படித்துவிட்டு கோவைக்குத் திரும்பினான். சுவர்ப் பூச்சை உரித்துச் செங்கலைக் காட்டினான், மஞ்சள் பல்புகளைத் தொங்கவிட்டான், 'பாபின் யார்டு' என்று பெயர் வைத்தான். இப்போது இங்கே கல்யாணம், நிச்சயதார்த்தம், கம்பெனி விழா எல்லாம் நடக்கின்றன. அந்தச் சுவரைப் பூச அந்தக் காலத்தில் ஒரு மாதம் ஆனது. உரிக்க நான்கு மாதம் ஆயிற்று.

நான் பி.டெக். டெக்ஸ்டைல். இதே மில்லில் பதினாறு வருடம், கடைசி ஒன்பது வருடம் ஸ்பின்னிங் மாஸ்டர். இப்போது ஆபரேஷன்ஸ் மேனேஜர். அதாவது தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், கழிப்பறை அடைப்பு. இவற்றோடு ஒவ்வொரு விழாவுக்கு முன்பும் பாதுகாப்புப் படிவத்தில் என் கையெழுத்து. இருபத்திரண்டு கேள்விகள். இருபத்தொன்றாவது: 'வெளியேறும் வழிகள் அனைத்தும் தடையின்றித் திறந்துள்ளன.' டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் விழா நடத்தக் கூடாது என்பது உரிமத்தில் உள்ள விதி.

மாலையில் பிரஷர் மாத்திரை வாங்கினேன்.

ஆகஸ்ட் 21, புதன்

ஒரு பெரிய கல்யாணம் வருகிறது. செப்டம்பர் எட்டு, ஞாயிறு. பெண்ணின் அப்பா பம்ப் கம்பெனிக்காரர். ஆயிரத்து இருநூறு பேர். 'ப்ளோ ரூம்' ஹால்தான் வேண்டுமாம்.

ப்ளோ ரூம் என்றால் என்னவென்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பேல் என்று சொல்கிற பஞ்சுப் பொதியைப் பிரித்து, அடித்து, தூசி நீக்குகிற அறை. மில்லிலேயே அதிகப் பஞ்சு பறக்கிற இடம், அதனால் மில்லிலேயே சீக்கிரம் தீப்பிடிக்கிற இடம். அதற்கு இரண்டே கதவுகள். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று.

விழா ஏற்பாட்டுக்காரி தான்யா சென்னையிலிருந்து வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஹாலின் நடுவில் நின்று, இரண்டு கைகளின் விரல்களாலும் சட்டம் போட்டுப் பார்த்தாள்.

"வாவ் அங்கிள், இந்த ரூமுக்கு ஒரு சோல் இருக்குல்ல?"

இருந்தது, இப்போது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஃபேன் பதினாறு இருக்கு" என்றேன்.

அங்கிள். பதினேழு பேர் எனக்குக் கீழே வேலை பார்த்தார்கள். ஒருத்தன்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மென்பொருள் கம்பெனி ஒன்றின் ஆண்டு விழா. எல்லோருக்கும் காக்கிச் சட்டை. கழுத்தில் எண் பொறித்த தகர டோக்கன். முதல் ஷிஃப்ட், இரண்டாம் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று மூன்று அணி. பஞ்சு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் போட்டி. மூட்டைக்குள் தெர்மாகோல்.

ஒருவன் மூச்சு வாங்க என்னிடம் வந்தான். "சார், நிஜமாவே இங்க வேலை செஞ்சவங்க இப்படித்தான் ஜாலியா இருந்திருப்பாங்கல்ல?"

"ஆமாம், ரொம்ப ஜாலி. டாய்லெட்டுக்கு ஏழு நிமிஷம்தான்."

சிரித்துவிட்டுப் போனான். நான் வேடிக்கையாகப் பேசுகிற ஆள் என்று ரித்விக்கிடம் சொல்லியிருக்கிறான். பாராட்டு.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கழிப்பறைக்குப் போகிற நடையில் 'பாரம்பரியச் சுவர்' வைக்கிறார்கள். பெங்களூரிலிருந்து ஒரு தாடிக்காரன் வந்து, பழைய ஆபீஸ் அலமாரியில் இருந்த காகிதங்களை வாரி எடுத்து, சட்டம் போட்டு மாட்டிவிட்டுப் போனான். வருகைப் பதிவேட்டுப் பக்கம், பேல் ரசீது, முதலாளி கப்பலில் நிற்கிற படம். எதையும் படித்துப் பார்த்து மாட்டவில்லை. டைப்ரைட்டர் எழுத்து அழகாக இருக்கிறதா, ஓரம் பழுப்பாக இருக்கிறதா, அவ்வளவுதான்.

ஏழாவது சட்டத்தில் ஒரு விபத்து அறிக்கை. 1999 நவம்பர். ஆங்கிலத்தில் இரண்டு பத்தி. ரித்விக்கிடம் அதை மட்டும் எடுத்துவிடலாம் என்றேன்.

"ஏன் சார்? அந்த டைப்பிங்தான் செம. கீழ பாருங்க, இங்க் பேனா சைன் வேற."

"கல்யாண வீட்டில் விபத்து எதற்கு?"

"யார் சார் படிக்கப் போறாங்க?"

அது சரிதான்.

ஆகஸ்ட் 28, புதன்

ஜெனரேட்டர் சர்வீஸ்காரன் வரவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ரங்காத்தாளைப் பற்றி எழுத வேண்டும். இரண்டு வருடமாக இங்கே துப்புரவு வேலை செய்கிறாள். ஏஜென்சி மூலம் வந்தவள், வயது ஐம்பத்தேழு. அவள் புருஷன் மாரப்பன் ப்ளோ ரூமில் என்னிடம் வேலை பார்த்தவன். 99இல் நடந்த தீவிபத்தில் இறந்தான். பீடி குடித்ததால் வந்த தீ. வேலை நேரத்தில் சாகிறவனின் குடும்பத்தில் ஒருவருக்கு மில்லில் வேலை கொடுப்பது எங்கள் வழக்கம். பீடி என்பதால் அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கவில்லை. விதி விதிதான். சாவுக்கு நான் மாலையோடு போனேன். மேனேஜ்மென்ட் தரப்பில் போனவன் நான் ஒருத்தன்தான்.

இங்கே என்னைப் பார்த்தால் "வணக்கமுங்க மாஸ்டர்" என்பாள். அதற்கு மேல் பேச்சு இருந்ததில்லை. இன்று நடையில் கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள்.

"மாஸ்டருங்க, ஒரு நிமிசமுங்க. இதுல நானூத்திப் பதினேழுன்னு போட்டிருக்குதுங்களே."

ஏழாவது சட்டம்.

"இங்கிலீசு எனக்குத் தெரியாதுங்க. நெம்பரு தெரியுமுங்க. அது எங்க ஊட்டுக்காரரு டோக்கனு."

"அப்படியா."

"என்னங்க எழுதியிருக்குது?"

"மெஷின் பராமரிப்பு. எந்த மெஷினில் யார் வேலை பார்த்தார்கள் என்று ஒரு பட்டியல்."

"அவுரு பேரும் இருக்குதுங்களா?"

"இருக்கு."

கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தாள். "நல்லா வேலை செய்யறவருன்னு போட்டிருக்குதுங்களா?"

போட்டிருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது? நடையில் நின்று படித்துக் காட்டுகிற விஷயமா அது.

செப்டம்பர் 2, திங்கள்

தான்யா அலங்காரத் திட்டத்தைக் காட்டினாள். மணமேடை மேற்குப் பக்கம். எதிரே, கிழக்குச் சுவர் முழுக்க, இருபது அடி உயரத்துக்குப் பூச்சுவர். கிழக்குக் கதவின் துரு பிடித்த இரும்பு படத்தில் விழுந்தால் 'வைப்' கெட்டுவிடுமாம். துருவைக் காட்டத்தானே சுவரை உரித்தீர்கள் என்று கேட்டேன். அது வேறு துருவாம்.

"கிழக்குக் கதவை மறைக்கக் கூடாது. ஹாலுக்கு இருப்பதே இரண்டு வழி."

"மறைக்கல அங்கிள். டெகரேட் பண்றோம்."

"பின்னால் இரும்புச் சட்டத்தைத் தரையில் போல்ட் போட்டு நிறுத்துகிறீர்கள். ஆயிரத்து இருநூறு பேர். ஏதாவது ஆனால் எல்லோரும் மேற்கே, மேடை வழியாகவா போவார்கள்?"

தான்யா ரித்விக்கைப் பார்த்தாள். ரித்விக் என் தோளில் கை போட்டான். அவன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிப் போனவன் நான்.

"சார், ரிலாக்ஸ். நூத்தம்பது ஈவன்ட் பண்ணிட்டோம். ஒண்ணு நடந்துச்சா?"

"நடக்கிற வரைக்கும் நடக்காது."

"செம டயலாக் சார்" என்றான். தான்யா சிரித்தாள்.

படித்தவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்கு பட்டம்.

செப்டம்பர் 4, புதன்

என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த முரளீதரன் இந்தக் கல்யாணத்துக்கு வருகிறானாம். திருப்பூரில் ஏற்றுமதி. பெண்ணின் அப்பாவுக்கு நண்பன். நான் ஹாலில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்பேன்.

அவனை விட நான் எதில் குறைச்சல்? 2000இல், முப்பது வயதில் மாஸ்டர் ஆனேன். எனக்கு முன்னால் மூன்று பேர் சீனியர்கள் இருந்தார்கள். திறமையைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 5, வியாழன்

இரும்புச் சட்டம் வந்து இறங்கியது. எலக்ட்ரீஷியன் சகாயராஜ் தரையில் துளை போட்டான். அந்த இடத்தில் தரை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை என்று பாலிஷ் போட்டு விட்டிருந்தார்கள். இதற்கும் விருந்தினர்கள் 'வின்டேஜ் ஃபினிஷ்' என்று சொல்வார்கள்.

செப்டம்பர் 6, வெள்ளி

ரங்காத்தாள் இன்று வணக்கம் சொல்லவில்லை.

தேநீர் இடைவேளையில் ஸ்டோருக்கு வந்து வாசலில் நின்றாள்.

"மெசினு கணக்குன்னு சொன்னீங்க."

ஸ்டோர்ப் பதிவேட்டை மூடி வைத்தேன்.

"சகாயராஜண்ணன் போன வெச்சுப் படம் புடிச்சாருங்க. அது தமிழ்ல படிச்சுக் காட்டுச்சு. பொம்பளைக் கொரலு." துடைப்பத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "பீடின்னு மில்லுல சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. மொதலாளி சொன்னதுன்னு நெனச்சிட்டிருந்தன். அடியில கையெழுத்து உங்களுது. 'நானே என் கண்ணால பாத்தன், ரெண்டு தடவ எச்சரிச்சன்'னு இருக்குது."

"அது அலுவலகத்தில் எழுதுகிற முறை, ரங்காத்தா. அப்படித்தான் எழுதுவார்கள்."

"எல்லாக் கதவும் தொறந்திருந்துச்சுன்னும் இருக்குதுங்க."

"இருபத்தைந்து வருஷம் ஆச்சு."

"எனக்கும் அவ்வளவுதானுங்க ஆச்சு."

அழவில்லை, சத்தம் போடவில்லை. போகும்போது ஸ்டோர் வாசலைக் கூட்டிவிட்டுப் போனாள். அதுதான் எரிச்சலாக இருந்தது.

சகாயராஜைக் கூப்பிட்டு, வேலை நேரத்தில் போன் நோண்டுவதற்காகத் திட்டினேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. மாலையில் வரவேற்பு. மதியம் பன்னிரண்டு மணிக்குத் தான்யா படிவத்தை நீட்டினாள்.

பூச்சுவர் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை ரோஜா, வெள்ளை சாமந்தி, வெள்ளைப் பட்டுத்துணி. பின்னால் ஒரு கதவு இருப்பதை அந்தக் கதவே மறந்திருக்கும்.

இருபத்தொன்றாம் கேள்வியில் பேனா நின்றது. நின்றது என்று எழுதிவைக்க விரும்புகிறேன். ஒரு அரை நிமிடம் இருக்கும்.

"அங்கிள், பியூட்டிஷியன் வெய்ட்டிங், சீக்கிரம்."

போட்டேன்.

நான் போடாவிட்டால் ரித்விக் போடுவான். அவனும் போடாவிட்டால் தான்யா போடுவாள். கையெழுத்துக்கு இந்த நாட்டில் என்ன பஞ்சம்?

செப்டம்பர் 8, ஞாயிறு

ஏழரைக்கு முகூர்த்தம். ஐந்தரைக்குப் போய்விட்டேன். தூக்கம் வரவில்லை என்று சேர்த்துக்கொள்ளலாம்.

ப்ளோ ரூமில் கிழக்குப் பக்கம் உலோகச் சத்தம். ரங்காத்தாளும் இன்னும் இரண்டு துப்புரவுப் பெண்களும். கையில் சகாயராஜின் ஸ்பேனர். பூச்சுவரின் ஒரு பாதியைப் போல்ட் கழற்றி, ஆறடி தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பட்டுத்துணி கிழிந்து தரையில் கிடந்தது. கதவின் தாழ்ப்பாளை ரங்காத்தாள் கல்லால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்கிறாய்?"

"கதவத் தொறக்கறனுங்க."

"யார் சொன்னது?"

"ஆரும் சொல்லலீங்க." தட்டுவதை நிறுத்தவில்லை. "அன்னிக்குந்தான் ஆரும் சொல்லலைங்களே."

தாழ்ப்பாள் விட்டுக்கொடுத்தது. கதவு சக்கரத்தில் கிறீச்சிட்டு ஓடியது. வெளியே வேப்பமரம், கார் நிறுத்துமிடம், காலை வெளிச்சம். அந்தக் கதவு முழுக்கத் திறந்து நான் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். யோசனையை விட்டுவிட்டேன்.

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. உதவியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. ஜெனரேட்டர் டீசல் பார்க்கப் போய்விட்டேன்.

ஏழு மணிக்குத் தான்யா அலறினாள். மறுபடி பூட்ட நேரமில்லை, விருந்தினர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கேமராக்காரன் வாயில் வந்ததைப் பேசினான். தாலி கட்டும்போது மணமக்கள் மேகத்தில் நிற்பது போல் புகை விடும் இயந்திரம் வைத்திருந்தார்கள். அதில் எதையோ அதிகமாகத் திருகிவிட்டார்கள். கெட்டிமேளம் முடிவதற்குள் ஹால் பாதி வெள்ளையாகிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெரியவர் இருமி இருமி நெஞ்சைப் பிடித்தார். குழந்தைகள் அழுதன. "ஏம்ப்பா, தீப்புடிச்சிருச்சா?" என்று ஒருவர் கத்தினார். நாற்காலிகள் சாய்ந்தன. கூட்டம் அப்படியே எழுந்து, மேடை இருந்த மேற்கைப் பார்க்காமல், வெளிச்சம் தெரிந்த கிழக்கைப் பார்த்து நகர்ந்தது. இரண்டே நிமிடத்தில் ஐந்நூறு பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பெரியவருக்கு யாரோ விசிறினார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், இட்லி சாப்பிடப் போனார்கள்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

முரளீதரன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். "டேய், நீயா! நல்ல வேளைடா, கதவத் தொறந்து வெச்சிருந்தீங்க. நீ இருக்கற எடத்துல எல்லாம் பக்காவா இருக்கும்னு தெரியும்."

நன்றி என்றேன்.

செப்டம்பர் 9, திங்கள்

ரித்விக் அறைக்குக் கூப்பிட்டான். தான்யாவின் கம்பெனி புகார் அனுப்பியிருக்கிறது: அலங்காரத்தைச் சேதப்படுத்தியது, மணப்பெண்ணின் முக்கியமான படங்கள் கெட்டது. ரங்காத்தாளை நேற்றே அனுப்பிவிட்டார்கள். ஏஜென்சிக்கு ஒரு அறிக்கை வேண்டும்.

"நீங்களே எழுதிடுங்க சார். ரிப்போர்ட் எழுதறதுல நீங்க எக்ஸ்பர்ட்னு தாத்தா சொல்லுவாரு."

என் முகத்தைப் பார்த்தே சொன்னான். வெறுமனே சொன்னானா, தெரிந்து சொன்னானா? மூடனா, அயோக்கியனா என்று மூன்று வருடமாக எனக்குப் பிடிபடவில்லை.

"என்ன எழுத?"

"குடிச்சிட்டு வந்து உடைச்சாங்கன்னு போட்டுடுங்க. அப்பத்தான் ஏஜென்சி திரும்பக் கேள்வி கேக்காது. வேற எங்கயும் போடவும் மாட்டாங்க."

"அந்த அம்மா குடிக்காது."

"அதுக்கென்ன சார்?"

அதே மேசை. அவன் தாத்தாவின் தேக்கு மேசை, பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார்கள். இதே மேசைக்கு இந்தப் பக்கம் நின்று 99இல் நான் சொன்னேன், "மாரப்பன் பீடி குடிக்க மாட்டானுங்க, வெத்தலைதான் போடுவான்." அந்தப் பக்கத்திலிருந்து முதலாளி கேட்டார், "அதுக்கென்ன தம்பி?"

அந்தப் பேச்சை இங்கே எழுதிவிட்டேன். பேனா தானாக எழுதியது போல இருக்கிறது. அடித்துவிடப் போவதில்லை.

மீதியையும் எழுதிவிடுகிறேன். அந்த மாதம் மழை. குடோன் ஒழுகியது. ஐம்பது பேல் பஞ்சை ப்ளோ ரூமில் கிழக்குக் கதவுக்குக் குறுக்கே அடுக்கச் சொன்னவன் நான். இரண்டு நாளைக்குத்தான் என்றேன். பதினோரு நாள் ஆயிற்று. பேலைக் கட்டிய இரும்புப் பட்டையின் துண்டொன்று இயந்திரத்துக்குள் போய்ப் பொறி பறந்தது. மேற்குப் பக்கம் நெருப்பு. மாரப்பன் கிழக்கே ஓடினான். பேல்களை நகர்த்தப் பார்த்திருக்கிறான். மூன்றை நகர்த்தியிருந்தான்.

எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன என்று எழுதினேன். அடுத்த வருடம் மாஸ்டர் ஆனேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ரித்விக் மூன்று தடவை போன் செய்தான். அறிக்கை எங்கே என்று. எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய்யில்லை.

காலையில் நடைக்குப் போய் ஏழாவது சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்தேன். தாளைத் தனியாகப் பிரித்தேன். வெற்றுச் சட்டத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். அந்தப் பக்கம் போன ஒருத்தி அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டாள். படித்தவள்தான்.

சனிக்கிழமை நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலையும் எடுத்துக்கொண்டேன். ஜங்ஷன் ஜெராக்ஸ் கடையில் இந்த நாட்குறிப்பை இரண்டு பிரதி எடுத்தேன். கடைக்காரன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "கதையா சார்?" என்றான். "ஆமாம்" என்றேன். "நாங்கூட கொஞ்சம் எழுதுவன் சார்" என்றான். இந்த ஊரில் எழுதாதவன் யாரும் இல்லை போல.

இரண்டு உறை, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி. ஒன்று மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கு. அதில் படிவத்தின் நகல். இன்னொன்று ரங்காத்தாளுக்கு. விலாசம் ஏஜென்சிப் பதிவேட்டில் இருந்தது. மில் லைன் வீடுகளுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. அவள் அதைச் சகாயராஜிடம் கொடுப்பாள். அந்தப் போன் தமிழைத் தமிழிலேயே படித்துக் காட்டும், பெண் குரலில். நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோழைத்தனம் என்று யாராவது சொல்லலாம். சொல்கிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அவர்களுடைய கையெழுத்துகளையும் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பெயர் எழுதப் பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன். பெயரில்லாமல்தான் அனுப்பப் போகிறேன். ரங்காத்தாளின் உறையில் ஏழாவது சட்டத்தின் தாளை வைத்து ஒட்டியாயிற்று. அதன் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. இங்க் பேனா. நன்றாகத் தெரிகிறது.